பதிவு செய்த பாதைப்படி

ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் இருக்கும் செனாய் விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில், ஒரு சிறிய சரக்கு விமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் விமானம் காலையில் கடலுக்கு அப்பால் இருக்கும் குச்சிங்குக்குப் போய் மாலையில் திரும்பும். பயணிகள் கிடையாது. மின்னணு உதிரிபாகங்கள், மருந்துப் பெட்டிகள், இணையத்தில் வாங்கியவர்களின் பொட்டலங்கள், இவற்றோடு இரண்டு விமானிகள். அவர்கள் எந்தப் பாதையில், எந்த உயரத்தில், எவ்வளவு எண்ணெயோடு போக வேண்டும் என்று கணக்கிட்டுப் பறப்புத் திட்டம் தயாரிப்பது என் வேலை. அந்தத் திட்டத்தின் ஒரு பிரதி கணினி வழியாக விமானக் கட்டுப்பாட்டுக்குப் போகும். இன்னொன்று விமானிகளிடம் போகும். அதைப் பார்த்து அவர்கள் விமானத்தின் கணினியில் பாதையை ஏற்றுவார்கள். தரையில் இருப்பவர்களிடம் உள்ளதும் விமானத்துக்குள் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். என் வேலையின் சாரம் அவ்வளவுதான் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் முன்புபோல வேகமாகச் சொல்வதில்லை.

நான் ஒழுங்கு பார்க்கிறவள். வெளியே கிளம்பிய பிறகு கேஸ் அடுப்பை மூடினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்யும் என் கணவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். அலுவலகத்திலும் எனக்கு அந்தப் பெயர் உண்டு. எண்ணெய்க் கணக்கில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே போடுவேன். விமானிகள் அதைக் கேலி செய்வார்கள். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. கிளம்புவதற்கு முன் கேப்டனும் துணை விமானியும் கேண்டீனுக்கு வருவார்கள். கேப்டன் ஐம்பதைத் தாண்டிய மலாய்க்காரர். அவருக்கு ரொட்டி சானாய். துணை விமானி ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். அவருக்குத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு. எனக்குத் தே ஓ, பாலும் சர்க்கரையும் போடாத தேநீர். ரொட்டி வரும்வரை நான் என் தாளிலிருந்து பாதையை வாசிப்பேன். பாதை என்றால் ஆகாயத்தில் குறித்து வைத்த புள்ளிகளின் பெயர்கள். ஐந்தெழுத்துப் பெயர்கள், பெரும்பாலும் எந்த மொழியிலும் பொருள் இல்லாதவை. ஒரு பெயர் தலைவலித் தைலம் போல ஒலிக்கும், இன்னொன்று கேப்டனின் மாமியார் பெயர் போல. துணை விமானி தம் டேப்லெட்டில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் "சமா... சமா..." என்பார். மலாயில் அதே என்று பொருள். பிறகு ரொட்டி வந்துவிடும், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

இப்படி வாசிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பசி நேரத்தைப் போக்கத் தொடங்கியது, பழகிப்போனது.

நோன்பு மாதம் வந்தது. கேண்டீனின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் நோன்பு. அவர்கள் முன்னால் உட்கார்ந்து தே ஓ குடிக்க எனக்குக் கூச்சம். குடிக்காமல் உட்கார்ந்தால், தங்களுக்காக நான் காய்ந்துகொண்டிருக்கிறேன் என்று அவர்களுக்குக் கூச்சம். முதல்நாளே கேப்டன், "காக், நீங்க உங்க அறையிலேயே இருங்க, எதுக்கு சிரமம்," என்றார். அவரோடு நான் மலாயில்தான் பேசுவேன். வயதில் நான் அவருக்கு இளையவள்தான். இருந்தும் மரியாதைக்கு என்னைக் காக், அதாவது அக்கா, என்பார். எனக்கும் அது வசதியாக இருந்தது. திட்டத்தின் தாள்களை உறையில் போட்டு, சரக்கு ஏற்றும் ஆட்களின் மேற்பார்வையாளரிடம் கொடுத்தால், அவர் விமானத்தில் ஏறிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வருவார். எல்லாரும் எல்லாரிடமும் மரியாதையாக இருந்தோம். வாசிப்பது நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை.

துணை விமானி விடியுமுன் சஹர் உணவு சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வராமல் சீக்கிரமே வந்துவிடுவார். முந்தின மாலை நான் அனுப்பிய திட்டம் அவர் டேப்லெட்டில் இருக்கும். அதைப் பார்த்து, காலைக் குளுமையிலேயே விமானத்தில் ஏறிப் பாதையைக் கணினியில் ஏற்றி முடித்துவிடுவார். வெயில் ஏறினால் விமானிகளின் அந்தச் சிறிய அறைக்குள் உட்கார முடியாது, அதுவும் தண்ணீர் குடிக்காமல். அவர் செய்ததில் தப்பு சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. சில நாள் இப்படியே போனது. திட்டம் மாறாததால் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு காலை, நான் அலுவலகத்தில் உட்கார்ந்ததுமே ஓர் அறிவிப்பு வந்திருந்தது. கிழக்குக் கடலில் ராணுவத்தின் சுடும் பயிற்சி. எங்கள் வழக்கமான பாதை தியோமான் தீவுப் பக்கம் வடக்கே வளைந்து போகும். அது நேராக அந்தப் பகுதிக்குள் நுழைகிறது. அன்று காலையிலிருந்து அங்கே யாரும் பறக்கக்கூடாது.

இது அபூர்வமான சங்கதி அல்ல. இப்படி வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். மாலையில் பதிவு செய்த வடக்குப் பாதைத் திட்டத்தை ரத்து செய்தேன். தெற்கே சுற்றிப் போகும் பாதையில் புதிய திட்டம் பதிவு செய்தேன். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. தெற்குப் பாதை சற்று நீளம், அதனால் எண்ணெயைக் கூட்டினேன். எண்ணெய் வண்டிக்காரருக்குப் புதிய அளவைச் சொன்னேன். காலையில் வரும் மாற்றம் தாளில்தான் போகும் என்பது எங்கள் நடைமுறை, அதனால் புதிய தாள்களை அச்செடுத்து, உறையில் போட்டு, மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். கையெழுத்தோடு பிரதி திரும்பி வந்தது. அதைக் கோப்பில் வைத்தேன். எல்லாம் சரியான வரிசையில் நடந்தது. அந்த வரிசையை இன்றுவரை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். எந்த இடத்திலும் என் விரல் நிற்பதில்லை.

விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. ஓடுபாதையிலிருந்து சத்தம் வந்து, எங்கள் சன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. கொஞ்ச நேரம் வேறு தாள்களைப் பார்த்தேன். பிறகு அச்சு இயந்திரம் இருக்கும் பின்னறைக்குப் போனேன். நோன்பு மாதத்தில் நான் ஒளிந்து தேநீர் குடிக்கும் இடம் அது. காகிதப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து ஊற்றிக்கொண்டு, காலையிலிருந்து பார்க்காத கைப்பேசியை எடுத்தேன்.

துணை விமானியிடமிருந்து ஒரு செய்தி. கதவை மூடும் முன் ஏதாவது ஒன்று அனுப்புவது அவர் வழக்கம்.

"அக்கா, இன்னிக்கு வானம் சூப்பரா கிளியரா இருக்கு. தியோமான் மேல போகும்போது படம் எடுத்து அனுப்புறேன். நோன்புல கண்ணுக்காவது விருந்து."

நான் சிரித்தேன். அதுதான் இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. முதலில் சிரித்தேன். ஒரு வாய் தேநீர் குடித்தேன். அதை விழுங்கிய பிறகுதான் தியோமான் என்ற சொல் உறைத்தது.

தெற்குப் பாதையில் தியோமான் கிடையாது.

கோப்பை எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. அறைக்கு ஓடிவந்து திரையைப் பார்த்தேன். விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் திரை அது. உடனுக்குடன் காட்டாது, கொஞ்சம் பிந்தித்தான் நகரும். எங்கள் விமானத்தின் குறி கோத்தா திங்கி நகரைத் தாண்டிக் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பாதைகளும் கடற்கரை வரை ஒன்றுதான். கரையைத் தாண்டிய ஒரு புள்ளியில்தான் பிரிகின்றன. அதுவரை பார்ப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. குறி அந்தப் புள்ளியை நெருங்கிக்கொண்டிருந்தது.

நேராக விமானத்தோடு பேச எனக்கு வழியில்லை. எங்கள் வானொலிக்கு அவ்வளவு தூரம் எட்டாது. பெரிய நிறுவனங்களின் புதிய விமானங்களில் ஒரு வசதி உண்டு. கட்டுப்பாட்டிலிருந்து கேட்டால், தன் கணினியில் ஏற்றியிருக்கும் பாதையை விமானமே எழுத்தாக அனுப்பிவிடும். இரண்டையும் கணினி ஒப்பிட்டு, வேறாக இருந்தால் சொல்லிவிடும். எங்களுடையது பழைய விமானம்.

விமான நிலையக் கட்டுப்பாட்டு டவருக்குப் போன் போட்டேன். அங்கே காலை வேலையில் இருந்தவர் என்னைவிடச் சில வயது மூத்த தமிழர். பல வருடப் போன் பழக்கம், நேரில் பார்த்தது குறைவு. நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார்.

"அண்ணே, நம்ம குச்சிங் விமானம் இப்ப யார் கையில இருக்கு?"

"அந்தப் பக்கம் கொடுத்தாச்சு தங்கச்சி." அந்தப் பக்கம் என்றால் சிங்கப்பூர். எங்கள் கிழக்குக் கடலின் மேல் பறப்பவர்களை அவர்கள்தான் பார்ப்பார்கள். "ஏன், நோன்பு தொறக்க பேரீச்சம்பழத்த மறந்துட்டு போயிட்டாங்களா?"

"அவங்க தெற்கால போறாங்களான்னு உடனே கேக்கணும்ணே."

"தெற்காலதான். நீங்கதானே காலையில மாத்தி போட்டீங்க. என் ஸ்கிரீன்ல இருக்கு."

"உங்க ஸ்கிரீன்ல இருக்குண்ணே. அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கான்னு தெரியல."

"கிளியரன்ஸ் நான்தான் குடுத்தேன் லா. குச்சிங், பதிவு செய்த பாதைப்படின்னு சொன்னேன். அப்படியே திருப்பி சொன்னாரு. ஒரு வார்த்தை மாறல."

"பாதையோட பேர யாராச்சும் சொன்னீங்களா?"

மறுமுனையில் நாற்காலி உருண்டது.

"அலமாக்," என்றார், ஐயோ என்பதுபோல.

அவர் என் போனைக் கீழே வைக்காமல் இன்னொரு போனை எடுப்பது கேட்டது. பிறகு அவருடைய ஆங்கிலம், வேகமாக, தணிந்த குரலில். நான் என் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

பயம் என்பதை அதற்கு முன்னும் அறிந்திருக்கிறேன். மருத்துவமனையில் முடிவுக்குக் காத்திருந்திருக்கிறேன். நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறேன். அவற்றிலெல்லாம் பயப்படுவதற்கு எதிரே ஒரு பொருள் இருந்தது. இங்கே எல்லாமே நன்றாக இருந்தது. வானம் தெளிவு, விமானத்தில் கோளாறு இல்லை, டவர் சொன்னது சரி, விமானி திருப்பிச் சொன்னதும் சரி. இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி, அவரவர் கையில் உள்ள பாதையை நினைத்துக்கொண்டு, மனநிறைவோடு பிரிந்துவிட்டார்கள். அந்த இருவருக்கும் நடுவே ஏதோ தவறு என்று தெரிந்த ஒரே ஆள் நான், ஓர் அறையில் போனைப் பிடித்துக்கொண்டு. நான் தேநீர் குடிக்காமல் இருந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கடலில் அந்தப் பயிற்சி தொடங்கிவிட்டதா, இன்னும் ஆட்கள் கப்பலில் தயாராகிக்கொண்டிருக்கிறார்களா, எனக்குத் தெரியாது. அறிவிப்பில் பகுதியும் உயரமும் நேரமும்தான் இருக்கும். அந்தத் தடை எங்கள் விமானம் போகும் உயரத்தையும் தாண்டி எட்டியது. நான் துணை விமானியின் வீட்டு வாசலை நினைத்தேன். அவருடைய வாப்பாவின் கடையில் ஒருமுறை முர்தபா வாங்கியிருக்கிறேன். கேப்டனுக்கு மூன்று பெண்கள். கடைசிப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதைப் பார்க்காமலிருக்க முயன்றேன்.

திரையில் குறி நகர்ந்தது. கடற்கரைக் கோட்டைத் தொட்டது. நின்றது. உண்மையில் விமானம் நிற்கவில்லை, என் திரைதான் பிந்துகிறது என்று தெரியும். தெரிந்தும் நின்றது என்றே மனத்தில் பட்டது. மறுபடி நகர்ந்தபோது குறியின் மூக்கு இடது பக்கம் சாய்ந்திருந்தது. கிழக்கே போகிறவருக்கு இடது பக்கம் வடக்கு.

"அண்ணே, திரும்புறாங்க. வடக்கால திரும்புறாங்க."

அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் இன்னொரு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அதையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் இருந்த கணக்குப் பிள்ளை கதவருகே வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

குறி வடக்குப் பக்கமாக இன்னொரு தாவு தாவியது. அதற்கடுத்த தாவல் வரவில்லை. எவ்வளவு நேரம் வரவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. வழக்கமாக எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வைக்கிறவள் நான். அந்த நேரம் மட்டும் என்னிடம் இல்லை.

பிறகு குறி வந்தது. மூக்கு வலப்பக்கம் திரும்பியிருந்தது.

"தங்கச்சி," என்றார் டவர்க்காரர். "திருப்பியாச்சு. கேக்குதா? தெற்கால திருப்பியாச்சு. மூச்சு விடுங்க."

பின்னால் அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சிங்கப்பூர்க் கட்டுப்பாட்டாளர், ஒரு பெண், அடுத்த புள்ளி எது என்று கேட்டிருக்கிறார். நம் துணை விமானி அமைதியாக வடக்குப் பாதையின் புள்ளியைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் வலப்பக்கம் திரும்பச் சொல்லிவிட்டாராம். நான் போன் போடாமலிருந்தாலும் விமானம் இடது பக்கம் விலகுவதைத் திரையில் பார்த்து அவர் கண்டுபிடித்திருப்பார் என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். கண்டுபிடித்திருக்கலாம். கையில் எத்தனை விமானங்கள் இருந்தன, அந்த நொடி எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் பொறுத்தது.

போனை வைத்தேன். பின்னறைக்குப் போய், சிந்திய தேநீரைத் துடைத்தேன்.

குச்சிங்கில் இறங்கியதும் கேப்டன் கூப்பிட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"காக், நான் சரிபார்த்தேன். பையன் ஏத்தின பாதைய டேப்லெட்டோட வச்சு ஒவ்வொண்ணா சரிபார்த்தேன். எல்லாம் சமா."

"டேப்லெட்டுல இருந்தது நேத்து சாயங்காலம் அனுப்பினது, கேப்டன். அதப் பார்த்துத்தான் ஏத்தினாரு. அதோடயே ஒப்பிட்டா சமாதான் வரும்."

"புது தாள் உறைக்குள்ள இருந்துச்சு," என்றார். "மேல நம்பர், தேதி, ஊர் எல்லாம் அதேதான். வெயில் ஏறிருச்சு. பையன் கையெழுத்து போட்டுக் கொடுத்திட்டான். நானும் கேக்கல." பிறகு, "ரிப்போர்ட்ட நானே எழுதுறேன்," என்றார்.

அன்று மாலை என் வேலை நேரம் முடிந்த பிறகும் நான் வீட்டுக்குப் போகவில்லை. விமானம் திரும்பி வந்து நின்றதும் தார்ப்பரப்புக்குப் போனேன். துணை விமானி படியில் இறங்கி வந்தார். உதடு காய்ந்திருந்தது. நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது.

"அக்கா, திட்டுறதுன்னா திட்டிருங்க. அல்லா காப்பாத்துனான்."

"எண்ணெய் கூடுதலா இருந்துச்சே. அதயாவது பார்க்கலியா தம்பி?"

"பார்த்தேங்கா." அவர் தரையைப் பார்த்தார். "நீங்கதான் எப்பவும் கூட போடுவீங்களே. அக்கா இன்னிக்கு என்னத்துக்கோ பயந்திருக்காங்கன்னு கேப்டன் கிட்ட சொல்லி சிரிச்சேன்."

என் எச்சரிக்கை அவர்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது. அது உண்மையிலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டிய நாளில் யாருக்கும் தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் இதுவே என்னைத் துரத்தியது. இன்னும் கூடுதலாகக் கவனமாக இருப்பது என்பது எனக்குத் தெரிந்த ஒரே மருந்து. அந்த மருந்தே அங்கே வேலை செய்யவில்லை.

வீட்டுக்கு நெடுஞ்சாலை வழியாகப் போகத் துணிச்சல் வரவில்லை. எங்கள் ஊரான கூலாய்க்குப் பழைய சாலையில் மெதுவாக ஓட்டினேன். வழியில் நோன்புச் சந்தைக் கூட்டம். புகை, மசாலா தடவிச் சுடும் அயாம் பெர்சிக் கோழி வாசனை, குடையோடு குறுக்கே நடக்கும் குடும்பங்கள். எல்லாரும் வீட்டுக்குப் போகும் பாதையைத் தெரிந்து வைத்திருந்தார்கள். வாசலில் கணவர், வேலைக்குப் போகும் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, இன்னிக்கு அடுப்ப பார்க்க திரும்பி வரவே இல்ல? நான் உள்ளுக்கு கவலைப்பட்டுட்டேன், ஆளுக்கு உடம்பு சரியில்லையோன்னு."

நான் அழுதுவிட்டேன். அவர் பூட்ஸோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். கம்பெனி பஸ் வந்து ஹார்ன் அடித்தது. "போகட்டும், மோட்டார் சைக்கிள்ல போயிக்கிறேன்," என்றார். முழுவதும் சொன்னேன். "அப்போ நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நாளைக்கு என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை. இன்று எனக்கு ஒரு தீவின் பெயர் கிடைத்தது. அந்தப் பிள்ளைக்குப் படம் எடுக்கும் ஆசை இல்லாமலிருந்தால் எனக்கு எதுவும் கிடைத்திருக்காது. கோப்பில் கையெழுத்து இருந்தது, பதில் வந்திருந்தது, எண்ணெய் நிரம்பியிருந்தது. அவற்றையெல்லாம் பார்த்து நான் நிம்மதியாக இருந்தேன். நாளைக்கும் அவையெல்லாம் இருக்கும்.

மறுநாள் காலை பயிற்சி தொடர்ந்தது. தெற்குப் பாதைதான். நிறுவனம் அவசரமாக ஒரு புதிய கையெழுத்துக் கட்டத்தைத் தாளில் சேர்த்திருந்தது. நான் உறையை மேற்பார்வையாளரிடம் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டு விமானத்துக்கு நடந்தேன். படியேறி, விமானிகள் அறையின் வாசலில் நின்றேன். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு ஆள் குனிந்து நிற்கத்தான் இடம் இருக்கும். உள்ளே வெக்கை. கேப்டன் என்னைப் பார்த்ததும் காதுக்கருவியைக் கழற்றினார்.

"வாசிக்கணும் கேப்டன்," என்றேன். "ஆனா என் தாள்ல இருந்து இல்ல. டவர்ல இருக்கிறத அவரு வாசிக்கட்டும். விமானத்துல இருக்கிறத தம்பி வாசிக்கட்டும். நடுவுல யாரும் சமான்னு சொல்ல வேண்டாம்."

கேப்டன் யோசித்தார். "செய்யலாம்," என்றார்.

டவர் அண்ணனைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் தம் திரையிலிருந்து முதல் பெயரைச் சொன்னார். துணை விமானி விமானத்தின் திரையைப் பார்த்து அதையே சொன்னார். இரண்டாவது பெயர். சொன்னார். அடுத்தது, பாதைகள் பிரிகிற இடத்துக்குப் பிறகு வரும் பெயர். டவர் அண்ணன் சொன்னார்.

துணை விமானி வடக்குப் பாதையின் பெயரைச் சொன்னார்.

நான் கேப்டனின் தோளைப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் பார்த்தேன்.

"சும்மாக்கா, சும்மா," என்றார் துணை விமானி. சிரித்துக்கொண்டே திரும்பியவர் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "விளையாட்டுக்கு சொன்னேன். நேத்துலருந்து எல்லாரும் இப்படி மூஞ்சிய வச்சிட்டு இருக்கீங்களேன்னு..."

"விளையாடுற இடமா இது!" என்றார் கேப்டன் மலாயில். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"மன்னிச்சிருங்கக்கா. திரையில சரியாத்தான் இருக்கு. நான் வாயாலதான் மாத்தினேன்."

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நொடியில் எனக்கு அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போனது. திரையில் ஒன்று இருந்து வாய் வேறு ஒன்றைச் சொல்லலாம். அல்லது திரையிலேயே அது இருந்து, வாசித்த பிறகு தடுமாறி, விளையாட்டு என்று சமாளிக்கலாம். நல்ல பிள்ளைதான், பொய் சொல்கிறவர் இல்லை. நேற்றும் அவர் பொய் சொல்லவில்லை. நேற்று யாருமே பொய் சொல்லவில்லை.

"தள்ளிக்குங்க தம்பி," என்றேன். "நான் பார்க்கணும்."

"அக்கா, உங்களுக்கு இத..."

"காட்டு," என்றார் கேப்டன்.

இருக்கைகளுக்கு நடுவே குனிந்தேன். அந்தச் சிறிய திரையில் பச்சை எழுத்துகள் சிறியதாக இருந்தன. என் மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கியது. அதைத் தள்ளிவிட்டு, விரலைத் திரைமேல் படாமல் வைத்து, முதல் வரியிலிருந்து தொடங்கினேன். டவர் அண்ணன் போனில் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் வேறு விமானத்துக்கு யாரோ ஏதோ சொல்வது கேட்டது. நான் மூன்றாவது பெயருக்கு வந்தேன். எழுத்து எழுத்தாக, அந்த ஐந்தையும் தனித்தனியாக, உரக்கப் படித்தேன்.

"ஆமா தங்கச்சி," என்றார் அவர். "இங்கயும் அதுதான். அடுத்தத படிங்க."